நாளைக்கு ஆரபி இல்லை

“நாளை கிழக்கு நகரத் தெருக்களில் ஆரபி இருக்காது. வடக்கிலிருந்து வரும் காற்று காட்டுத்தீப் புகையைக் கலைத்துவிடும். இத்தனை வாரங்களுக்குப் பிறகு வெளிச்சம் நேரத்துக்கே வரப்போகிறது, நேயர்களே!”

தமிழ் வானொலிக்காரர் இதைக் கல்யாணச் செய்தி சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாகீசன் எழுந்து போய் வானொலியை நிறுத்துவதற்குள் மனைவி நிரோஜினியின் கையிலிருந்த இடியப்பத் தட்டு அந்தரத்தில் ஒருகணம் நின்றது. பிறகு அவள் தட்டை மேசையில் வைத்தாள். சொதியை ஊற்றினாள். வருடக்கணக்காகக் கேட்கிற சொல், இதற்குள் காது மரத்துப் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் விடிய போறன்,” என்றாள்.

அவர்கள் பேச்சில் ‘காலை’ என்ற சொல்லுக்கு அதிகம் வேலை இல்லை. விடிய வா, விடிய என்ன சாப்பிட்டனீ, நாளைக்கு விடிய பார்ப்பம். யாழ்ப்பாணத்தில் வாயில் ஏறிய அந்தச் சொல் ரொறன்ரோவின் பனியிலும் உதிரவில்லை. அதனால் ‘விடிய’ என்றதில் வாகீசனுக்கு வியப்பில்லை. அவனைச் சுட்டது ‘போறன்’ என்ற சொல். வீட்டு வாசலைத் தாண்டும் எவரும் அப்படிச் சொல்வதில்லை. மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனாலும், கடல் தாண்டிப் போனாலும் ‘போட்டு வாறன்’தான். திரும்பி வருவதைச் சொல்லாமல் போவதை மட்டும் சொல்வது வீட்டுக்கு ஆகாது என்று சின்ன வயதிலேயே வாயில் தட்டிப் பழக்கிவிடுவார்கள்.

“போட்டு வாறன் எண்டு சொல்லும், நிரோ.”

“பொய் சொல்ல ஏலாதப்பா. போறன்.”

சிங்கப்பூரில் அவளுடைய தங்கை இருந்தாள். பெட்டி இரண்டு நாளாகவே கூடத்தில், கதவோரம் நின்றது. வாகீசன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

இந்த நகரத்துக்குப் புதிதாக வருபவர்கள் ‘ஆரபி’ என்பதை ஏதோ அரசாங்கச் சொல் என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு பெண்பிள்ளையின் பெயர். நிரோஜினி வயிற்றில் சுமந்து, வாகீசன் தேடித் தேடி வைத்த பெயர்.

முன்பு இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்புவார்கள். வசந்தத்தில் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, இலையுதிர் காலத்தில் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. பின்னுக்குத் திருப்பும் நாளை யார் யாருடைய வசதிக்கோ நவம்பருக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பகல் தேய்ந்துகொண்டே வரும், கடிகாரமோ கோடைகாலத்துப் பிடிவாதத்தை விடாது. ஒக்டோபர் முடியும்போது ஏழரை மணிக்கும் தெரு கன்னங்கரேலென்று கிடக்கும். பெரியவர்கள் மாதம் முழுக்கத் திட்டுவார்கள், திருப்பிய மறுநாள் மறந்துபோவார்கள். பிள்ளைகள் அந்த இருட்டில் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குப் போய் நிற்பார்கள்.

ஆரபிக்கு அப்போது ஒன்பது வயது. வியாழக்கிழமை. நிரோஜினி வைத்தியசாலைச் சமையலறைக்கு முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். வாகீசன் சாப்பாட்டுப் பெட்டிக்கு மூடி தேடிக்கொண்டிருந்தான். பிள்ளை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, இன்னும் விடியேல்லை.”

அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஏழரை ஆகுது. விடிஞ்சிட்டுது. ஓடு பிள்ளை, பஸ் போகப்போகுது.”

“போட்டு வாறன்!”

லொறிக்காரன் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. வளைவில் அவன் கண்ணுக்கு இருட்டைத் தவிர வேறு எதுவும் படவில்லை. அவ்வளவுதான். இதைக் கேட்டவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சனம். யாரோ ஒரு உறவினர், நல்ல மனிதர், உதவி செய்கிற நினைப்பில், “தம்பி, இண்டைக்கு நேரம் மாத்திற நாள் எல்லே? மணிக்கூட்டைத் திருப்பேல்லைப் போல,” என்றார். வாகீசன் கதிரையில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினான். முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினான். பிறகு இன்னொன்று. இன்னொன்று. திருப்பிக்கொண்டே இருந்தான், வியாழக்கிழமை வரைக்கும் போய்விடலாம் என்பதுபோல. நிரோஜினி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடிகாரத்தை வாங்கினாள். அன்று அவன் அழுதிருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும்.

அவன் அழவில்லை. அவன் பொறியியலாளன். கண்ணாடித் தோட்டங்களில், அதாவது பனிக்காலத்திலும் தக்காளி விளைகிற பெரிய கண்ணாடிக் கூடங்களில், விளக்குகளை வெளிச்சத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கும் கருவிகளைச் செய்பவன். தக்காளிச் செடிக்காகக் காத்திருக்கத் தெரிந்த கருவிக்கு ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கத் தெரியாதா என்று அவன் கேட்டான்.  அந்தக் கேள்வியிலிருந்துதான் விடிமணி பிறந்தது.

விடிமணியின் ஏற்பாடு குழந்தைக்கும் விளங்கும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு ஒளிக்கண். தெருவில் போதிய வெளிச்சம் வந்துவிட்டது என்று ஒளிக்கண் சொல்லும்வரை அந்தத் தெருவின் கடிகாரங்கள் ஏழு அடிக்காது. சுவரில், கைபேசியில், பள்ளிக்கூட மணியில் எல்லாம் ஆறு ஐம்பத்தொன்பதோடு நேரம் நிற்கும். ஏழு அடிக்காமல் பஸ் வராது, வேலைக்குப் பிந்தியதாக யாரையும் எழுத முடியாது. காலையில் நின்ற நிமிடங்களை ஊர் உறங்கும்போது கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடி ஈடுகட்டிக்கொள்ளும். உறக்கத்தில் களவு போகிற நிமிடத்துக்கு யாரும் பொலிசுக்குப் போவதில்லை. விமானங்கள் மட்டும் உலக நேரத்துக்குக் கட்டுப்பட்டவை, அவை எந்தத் தெருவுக்காகவும் நிற்பதில்லை.

ஒளிக்கண்ணை எந்த உயரத்தில் பொருத்துவது என்று குழுவில் நீண்ட வாதம் நடந்தது. சாரதியின் கண்மட்டம் என்றார்கள் சிலர். வாகீசன் எழுந்து தன் கையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் காட்டினான். ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்மட்டம். கம்பங்களை அந்த உயரத்திலேயே நட்டார்கள்.

சட்டத்துக்கு ஆரபிச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். அன்று நிரோஜினி புதுச்சேலை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தாள். கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் ஒழிந்தது. அதன்பின் அந்த நகரத்தில் ஒரு பிள்ளைகூட இருட்டில் பள்ளிக்கூடம் போய்ச் சாகவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது உண்மை.

ஆனால் சனங்களின் வாய் நீளமான பெயரைச் சுமக்காது. ஆறு ஐம்பத்தொன்பதில் நிற்கிற ஆரபிச் சட்ட நேரம் ஆரபி நேரமாகியது, அது தேய்ந்து ஆரபியாகியது. “இண்டைக்கு ஆரபி எவ்வளவு?” என்று அண்டை வீட்டில் கேட்டார்கள். “நல்ல நீள ஆரபி, இன்னொருக்கால் நித்திரை கொண்டிட்டன்,” என்று கடையில் சிரித்தார்கள். வெள்ளைக்காரர், சீனர், சோமாலியர் எல்லோரும் தத்தம் நாக்குக்கு ஏற்றபடி அதைச் சொன்னார்கள். ஜன்னல்களுக்குத் தடித்த திரை விற்பவர்கள் அதற்கும் ‘ஆரபித் திரை’ என்று பெயர் வைத்தார்கள். வெளியே பார்க்க வேண்டிய தேவைதான் இல்லையே, விடிந்தால் கடிகாரம் சொல்லிவிடுமே.

இந்த வருட இலையுதிர் காலம் என்றும் இல்லாத இருட்டாக வந்தது. வடக்கே காடுகள் எரிந்து, புகை நகரத்தையொட்டிய ஏரிக்கு மேலே கூடாரம் அடித்துவிட்டது. ஆரபி நீண்டுகொண்டே போனது. ஒருநாள் நிரோஜினி இரண்டு தெரு தள்ளித் தோழி வீட்டில் தங்கி, அங்கிருந்து வேலைக்குக் கிளம்பினாள். அந்தத் தெரு பஸ் நிறுத்தத்தில் ஏழு அடிப்பதற்காகக் காத்து நின்றாள். பக்கத்தில் நின்ற பெண், அவளும் தமிழ்தான், குளிரில் காலை உதைத்துக்கொண்டு, “சனியன் பிடிச்ச ஆரபி, எப்பதான் துலையப்போகுதோ!” என்றாள்.

அந்தப் பெண்மேல் பிழை இல்லை. நிரோஜினி பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து சிங்கப்பூருக்குப் பயணச்சீட்டு எடுத்தாள்.

“அங்கை வருசம் முழுக்க ஒரே நேரத்துக்கு விடியுது,” என்று இப்போது இடியப்பத்தைப் பிசைந்தபடி சொன்னாள். “ஒருத்தரும் என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி அலுத்துக்கொள்ள மாட்டினம்.”

“பேரை மாத்தச் சொல்லிக் கேப்பம். நான் எழுதிறன்.”

“மாத்தினால் சனத்தின்ர வாய் மாறுமோ?”

மாறாது என்று அவனுக்கும் தெரியும். அவன் சாப்பிடாமலே கை கழுவினான்.

வாகீசன் அன்றிரவு கண் மூடவில்லை. அவளைத் தடுக்க அவனிடம் சொல் இல்லை. கருவி மட்டும்தான் இருந்தது. அவளை ஏற்றப்போகும் தானோடி வண்டி, சாரதி இல்லாமல் தானே ஓடுகிற அந்த வாடகைக் கார், தெருவுக்குள் நுழைய ஏழு அடிக்க வேண்டும். ஏழு அடிக்காவிட்டால் விமானம் அவளை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த விமானத்துக்குள் மனம் மாறலாம். ஒரு பகல், இரண்டு பகல் கிடைத்தால்கூடப் போதும், எதையாவது சொல்லிவிடலாம்.

கதவருகே கொக்கியில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி எட்டு வருடமாகத் தொங்கியது. அந்த வியாழக்கிழமை அவசரத்தில் ஆரபி மறந்துவிட்டுப் போனது. அதை எடுத்துக்கொண்டு அவன் வெளியே இறங்கினான். புகை இன்னும் விலகவில்லை, தன் கை தனக்கே தெரியாத இருட்டு. வெளிச்சம் வந்தபிறகு மறைத்தால் ஒளிக்கண் உடனே முறையிட்டுவிடும், இருட்டிலேயே மூடிவிட்டால் தன்னை மூடியதே அதற்குத் தெரியாது. செய்தவனுக்கு இது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஊரில் ஒருவரும் இதுவரை ஒளிக்கண்ணைத் தொட்டதில்லை. அவன் குனிந்து, தன் நெஞ்சுக்குக் கீழே இருந்த கம்பத்தின் தலையில் தொப்பியை மாட்டினான். அது அளவாகப் பொருந்தியதைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பி நடந்தான்.

நிரோஜினி எழுந்து தலைவாரி, கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டிப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சுவரில் விடிமணி ஆறு ஐம்பத்தொன்பதைக் காட்டியது. அதன் நிமிட முள் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. வாகீசன் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தான். அவள் குடித்தாள். முள் துடித்தது.

“றேடியோவில இண்டைக்கு இல்லை எண்டவங்கள்,” என்றாள். அந்தப் பெயரை அவள் ஒருபோதும் அந்தப் பொருளில் சொல்வதில்லை.

“காத்து வரப் பிந்துதாக்கும்.”

இரண்டாவது முறையும் தேத்தண்ணி போட்டான். திரைகள் மூடிய அந்தக் கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், இருவரும் யாருக்கோ காத்திருக்கும் பயணிகளைப்போல உட்கார்ந்திருந்தார்கள். கனகாலத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சும்மா இருந்த நேரம் அதுதான்.

“நீர் என்னை மன்னிக்கேல்லை,” என்று கடைசியில் அவன் சொன்னான். “விடிஞ்சிட்டுது ஓடு எண்டு நான்தானே அனுப்பினனான்.”

நிரோஜினி அவனை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அண்டைக்கு விடிய நான் வேலையில இருந்து போன் எடுத்தது உங்களுக்கு நினைவில்லையோ? பிந்தப்போகுது, கெதியா அனுப்புங்கோ எண்டனான். நானும் மணிக்கூட்டைப் பாத்துத்தான் சொன்னனான். எங்கட கிச்சினில ஜன்னலே இல்லை.” அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் உங்களை ஒருநாளும் குறை நினைக்கேல்லையப்பா. எனக்குப் பக்கத்தில இருந்து அழ ஒரு ஆள் வேணுமெண்டு இருந்தது. நீங்கள் மணிக்கூடு செய்யப் போயிட்டியள்.”

வாகீசன் கதிரையை விட்டு எழுந்தான். ஓடிப்போய்த் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், அதற்கு முன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட வேண்டும், எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. அழலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, கதவில் தபால் போடுகிற பிளவு வழியாக ஒரு ஒளிக்கீற்று உள்ளே நீண்டு பெட்டியின்மேல் விழுந்தது. மஞ்சள் வெயில், நன்றாக ஏறிவிட்ட வெயில். அதில் தூசி மிதந்தது.

நிரோஜினி ஒளிக்கீற்றைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ஆறு ஐம்பத்தொன்பது. மறுபடி ஒளிக்கீற்றைப் பார்த்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள்.

வெளியே பட்டப்பகல். வானம் துடைத்து வைத்ததுபோல நீலமாக இருந்தது. மேப்பிள் மரங்களின் சிவப்பு இலைகளில் வெயில் அடித்தது. அடுத்த தெருவில் பஸ் போகிற சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. இந்தத் தெருவில் மட்டும் ஒரு கதவு திறக்கவில்லை. இரண்டு பக்கமும் எல்லா வீடுகளிலும் திரைகள் மூடிக் கிடந்தன. திரைகளுக்குப் பின்னால் கோட்டும் சப்பாத்தும் போட்டுத் தயாராக நின்ற மனிதர்கள், கடிகாரம் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் யாரும் பூட்டி வைக்கவில்லை. திரையை ஒரு விரலால் விலக்கினால் போதும். விலக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிரோஜினி பெட்டியை இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். கம்பத்தருகே போனதும் நின்றாள். வாகீசன் செருப்பில்லாமல் பின்னால் வந்து, நான்கடி தள்ளி நின்றான்.

சிவப்புத் தொப்பி, ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரத்தில், வெயிலில் நின்றது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பெட்டியை விட்டுவிட்டுக் குனிந்தாள். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து நேராக்கி, காது இருக்க வேண்டிய இடங்களை மூடும்படி கீழே இழுத்துவிட்டாள். பனிக்காலத்தில் ஒவ்வொரு நாளும் செய்தவள், கை மறக்கவில்லை. அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். 

“என்னால கழட்ட ஏலாது,” என்றாள் திரும்பாமல். “நீங்களே கழட்டுங்கோ.”

“நிரோ, போட்டு வாறன் எண்டாவது...”

“போறனப்பா.”

பெட்டியின் சில்லுகள் காய்ந்த இலைகளை நொறுக்கிக்கொண்டு போன சத்தம் முனை வரைக்கும் கேட்டது. பெரிய வீதியில் ஒரு தானோடி வண்டி வந்து நின்றது. அந்த வீதியில் எப்போதோ ஏழு அடித்திருந்தது. வண்டி போய்விட்டது.

வாகீசன் கம்பத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். தொப்பியின்மேல் கை வைத்தான். கம்பளி வெயிலில் சூடாகியிருந்தது, ஒரு தலையின் சூடுபோல. கழற்றினால் அந்தக் கணமே ஏழு அடிக்கும். கதவுகள் திறக்கும், பிள்ளைகள் ஓடிவருவார்கள், விடிந்துவிடும். விடிந்தால் அவள் போனது போனதுதான். கை அசையவில்லை.

பக்கத்து வீட்டு மாடியில் திரை அசைந்தது. ஆறு வயது மிதுரா, முதுகில் புத்தகப் பையோடு, கண்ணாடியைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்தாள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

“அம்மா, வெளியில வெளிச்சமா இருக்கு!”

“மணிக்கூட்டைப் பார் பிள்ளை,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “ஜன்னலில நிண்டு என்ன விடுப்புப் பாக்கிறாய்?”

மிதுராவுக்குச் சந்தேகம் தீரவில்லை. கீழே முழங்காலில் இருப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியும். நேரத்தைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யார்?

“மாமா, விடிஞ்சிட்டுதோ?”

வாகீசன் நிமிர்ந்தான். வெயிலில் கண் கூசியது. யோசிப்பதற்கு முன்பே அவன் தலை திரும்பியது, திறந்து கிடந்த தன் வீட்டுக் கதவினூடாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“இல்லைப் பிள்ளை,” என்றான். “இன்னும் விடியேல்லை.”

“சரி மாமா,” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை திரையை மூடிக்கொண்டாள்.